வேலூர் வெயிலில் விலை குறைந்த பீர்: சுவைத்துக் குறிப்பெழுதப் போகிறவர்களுக்கு

200 ரூபாய்க்குள் கிடைக்கிற பீர்களை ஒவ்வொன்றாக வாங்கி, நிதானமாகச் சுவைத்து, குறிப்பெழுதி வைப்பது நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் வேலூரில் இருந்துகொண்டு அதைச் செய்வதென்றால் சில விஷயங்கள் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. ஒரு கோடை முழுக்க எழுதிய நோட்டும், ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் ஆன செலவும் எதற்கும் உதவாமல் போயின. பணம் போனதைவிட அதிகம் வாட்டியது குழப்பம்தான். ஒரே பெயர், ஒரே விலை. மாசியில் வாங்கியதற்கு "ரொட்டி வாசனை, சுத்தமான கசப்பு, விழுங்கியதும் வாய் காலி" என்று எழுதியிருக்கிறது. வைகாசியில் வாங்கியதற்கு "ஈர அட்டை வாசனை, பழைய தேன் போல இனிப்பு, கசப்பே இல்லை" என்று இருக்கிறது. இதில் எது அந்த பீர்? நாக்குதான் சரியில்லையோ என்று சந்தேகம் வரும், சலிப்பு வரும், நோட்டையே தூக்கிப் போடத் தோன்றும். யாரிடமாவது கேட்கலாம் என்றால் வீட்டில் பேச்செடுக்க முடியாது. கூட்டாளிகளிடம் கேட்டால் "ஏறுதா இல்லையா, அத்த சொல்லு" என்பார்கள். ஊர் பழக்கம் அப்படி. 1937-ல் சேலத்தில் ஆரம்பித்த மதுவிலக்கு 1939-லேயே, அப்போது வேலூர் இருந்த வட ஆற்காடு மாவட்டத்துக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு சட்டம் பலமுறை மாறினாலும், பீரின் வாசனை எப்படி, கசப்பு எப்படி என்று வெளிப்படையாகப் பேசுகிற வழக்கம் இங்கே வளரவே இல்லை.

குழப்பத்துக்குக் காரணம் பிராண்டு இல்லை, வெப்பம். பீர் செய்கிறவர்களிடம் ஒரு வாய்க்கணக்கு உண்டு: 3 டிகிரியில் 300 நாள் தாங்குகிற பீர், 22 டிகிரியில் 30 நாள்தான் தாங்கும், 32 டிகிரியில் வெறும் 3 நாள். துல்லியமான விதி என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் போகிற திசை சரி. வேலூரில் சித்திரை, வைகாசியில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது எல்லோரும் அனுபவிப்பதுதான். ராத்திரியில்கூட 28-க்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு. ஆலையிலிருந்து லாரி, லாரியிலிருந்து கிடங்கு, கிடங்கிலிருந்து கடை என்று வருகிற வழியில் நிழலில் இருந்த பெட்டியும் சூடாகத்தான் இருக்கும். பாட்டிலுக்குள் மிஞ்சியிருக்கும் கொஞ்சம் ஆக்சிஜன் அந்தச் சூட்டில் வேகமாக வேலை செய்கிறது. முதலில் ஹாப்ஸ் என்ற பூ தருகிற கசப்பும் மணமும் மங்கும், பிறகு தேன் போன்ற இனிப்பு வரும், கடைசியில் ஈர அட்டை வாசனை. பாட்டில் பீரைப் பெரும்பாலும் சுமார் 60 டிகிரியில் பாஸ்ச்சுரைஸ் செய்து, அதாவது கிருமிகள் சாகச் சூடாக்கித்தான் அனுப்புகிறார்கள். அதனால் பழைய பீர் விஷமாகிவிடாது. ருசி மட்டும்தான் போகும். ஆனால் நாம் எழுதப் போவதே ருசியைப் பற்றித்தானே.

ஆகவே நோட்டில் பிராண்டு பெயருக்கு முன்னால் எழுத வேண்டியது லேபிளில் அச்சான தயாரிப்புத் தேதியும் பேட்ச் எண்ணும். கழுத்து லேபிளிலோ முதுகு லேபிளிலோ மங்கலான மையில் இருக்கும். டின்னில் அடியில் இருக்கும். பெரும்பாலான பாட்டில்களில் ஆறு மாதம் என்று கெடு போட்டிருப்பார்கள். வேலூருக்கு நான் வைத்திருக்கிற அளவு அதில் பாதி, கோடையில் அதற்கும் கீழே. கோடையில் இரண்டு மாதத்துக்கு மேற்பட்டதை விமர்சனத்துக்கு எடுக்காதீர்கள். ஐப்பசி முதல் தை வரை மூன்று மாதம் வரை பார்க்கலாம். தேதி தெரியாமல் எழுதிய எந்தக் குறிப்பையும், அது யாருடையதாக இருந்தாலும், நம்ப வேண்டாம்.

கவுன்டரில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று தேதி பார்ப்பது லேசில்லை. பின்னால் வரிசை முனகும். கூட்டம் இல்லாத நேரத்தில் போய், "அண்ணா, கூலிங் வாணாம், புதுப் பெட்டிலேர்ந்து ஒண்ணு குடுங்கணா" என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பார்கள். கூலிங் வேண்டாம் என்று சொல்வதில் லாபம் இருக்கிறது. எல்லோரும் கூலிங் கேட்பதால் புதிதாக இறங்கிய பெட்டி வெளியிலேயே இருக்கும். வாங்கியதும் செல்போன் வெளிச்சத்தில் பாட்டிலை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். பஞ்சுத் துணுக்கு போல ஏதாவது மிதந்தால் அது பழசு, புரதம் திரிந்து இறங்கியிருக்கிறது. மூடியின் ஓரத்தில் துரு வளையம் இருந்தால் ஈரத்தில் கிடந்தது என்று அர்த்தம். குடிக்கலாம், ஆனால் திறக்குமுன் கழுத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் துருவையே பீரின் உலோக வாசனை என்று எழுதிவிடுவோம். மற்ற பாட்டில்களைவிட அளவு குறைவாகத் தெரிந்தால் வேறு கேளுங்கள்.

பாட்டிலின் நிறமும் முக்கியம். ஹாப்ஸின் கசப்புப் பொருளை வெளிச்சம் உடைக்கும்போது கந்தகம் கலந்த ஒரு நாற்றம் பிறக்கிறது. அதற்கு மிகச் சிறிய அளவே போதும். பழுப்புக் கண்ணாடி பெருமளவு தடுக்கும், பச்சை ஓரளவுதான், வெள்ளைக் கண்ணாடி தடுக்கவே தடுக்காது. டின்னுக்கு அந்தத் தொல்லையே கிடையாது. பச்சை பாட்டிலை நேர் வெயிலில் சில நிமிடம் வைத்தாலே போதும், மாறிவிடும். கடை திறப்பதே பகல் 12 மணிக்கு. அந்நேரம் வாங்கி, வண்டியின் முன்னால் மாட்டிக்கொண்டு சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி வரை வெயிலில் போனால் வீட்டுக்கு வந்து சேர்வது வேறு பீர். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாங்குங்கள். செய்தித்தாளில் சுற்றி, ஈரத்துணிப் பையில் வையுங்கள்.

வீட்டில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், நிற்கவைத்து, ஒரு முழு நாள். கதவில் வேண்டாம், திறக்கத் திறக்கச் சூடாகிற இடம் அது. ஃப்ரீசரில் வைக்கவே வேண்டாம். 5 சதவீத பீர் மைனஸ் 2, 3 டிகிரியிலேயே உறைய ஆரம்பிக்கும், விரிந்து பாட்டிலை வெடிக்கவைக்கும். அவசரமென்றால் வாளியில் ஐஸும் தண்ணீரும் போட்டு ஒரு கைப்பிடி கல்லுப்பு சேர்த்து 20 நிமிடம் முக்கி வையுங்கள். கூலிங் போட்டதைச் சூடாக்கி மறுபடி கூலிங் போட்டால் கெட்டுவிடும் என்று சொல்வார்கள். ஏற்றி இறக்குவதால் மட்டும் கெடுவதில்லை, மொத்தம் எத்தனை நாள் சூட்டில் இருந்தது என்பதுதான் கணக்கு. ரொம்பக் குளிர்ந்தால் சில பீர் லேசாகக் கலங்கும், சூடு ஏறினால் தெளிந்துவிடும். அது குறையில்லை.

இன்னொரு நம்பிக்கை கிளிசரின். பாட்டிலைத் திறந்து தண்ணீருக்குள் கவிழ்த்துப் பிடித்தால் உள்ளே இருக்கும் கிளிசரின் இறங்கிவிடும் என்று பலர் செய்து காட்டுவார்கள். கிளிசரின் தண்ணீரில் முழுமையாகக் கரைகிற பொருள். தனியாகப் பிரிந்து இறங்க வழியே இல்லை. கலங்கலாக இறங்குவதாகத் தெரிவது, தண்ணீரைவிட அடர்த்தியான பீரேதான். ஈஸ்ட் நொதிக்கும்போது சிறிதளவு கிளிசரின் எல்லா பீரிலும் இயல்பாகவே உண்டாகிறது. அந்த வித்தையால் வாயுவும் பீரும்தான் வீண்.

கிளாஸைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலருடைய குறிப்பு கெடுகிறது. டீக்கடைக் கண்ணாடி கிளாஸே போதும், ஒரே அளவில் ஆறு வாங்கிக்கொள்ளுங்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்பின் மிச்சமும் எண்ணெய்ப் பிசுக்கும் நுரையைக் கொன்றுவிடும். நம்மூர் போர் தண்ணீர் காய்ந்தால் உப்புப் படலம் வேறு. பாலாற்றுப் பக்கம் நிலத்தடி நீர் என்ன ஆனது என்பது வேலூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு வழக்கு உச்ச நீதிமன்றம் போய் 1996-ல் தீர்ப்பே வந்தது. அதனால் கிளாஸை ஆப்ப சோடாவால் தேய்த்து, கேன் தண்ணீரில் கடைசியாக அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காயவையுங்கள். சுத்தமா என்று பார்க்க, உள்பக்கத்தை நனைத்துத் தூள் உப்பைத் தூவுங்கள். உப்பு எல்லா இடத்திலும் சீராக ஒட்டினால் சுத்தம், திட்டுத் திட்டாக ஒட்டினால் பிசுக்கு. பீர் ஊற்றியதும் கண்ணாடிச் சுவரில் குமிழ்கள் ஒட்டிக்கொண்டு நின்றாலும் அழுக்கு என்றே பொருள். வாய் கொப்பளிக்கவும் அதே கேன் தண்ணீர்தான். நடுவில் கடிக்க உப்பில்லாத பொரி போதும். ஆம்பூர் பிரியாணியோ மிளகாய்த்தூள் போட்ட சைடிஷோ சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்தி எரிந்த அறையில் சுவைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமையை விட்டுவிடுவது நல்லது.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வைத்தால் சுமார் 7, 8 டிகிரி வரும். கிளாஸைச் சாய்த்து 60 மில்லி ஊற்றுங்கள், கடைசியில் நிமிர்த்தி ஒரு விரல் உயரம் நுரை எழவிடுங்கள். நிறம் பார்ப்பதற்கு முன்பே முகருங்கள். நல்ல மணமெல்லாம் முதல் அரை நிமிடத்தில் பறந்துவிடும். நீண்ட மூச்சு வேண்டாம், குட்டிக் குட்டியாக இரண்டு மூன்று. பிறகு ஒரு வாய், நாக்கு முழுக்கப் பரவவிட்டு விழுங்கிவிட்டு, கசப்பு எத்தனை நொடி நிற்கிறது என்று எண்ணுங்கள். பாதியை அப்படியே வைத்துப் பத்து நிமிடம் கழித்து மறுபடி சுவையுங்கள். கடுங்குளிரில் எல்லா மலிவு பீரும் ஒன்று போலத்தான் இருக்கும். குறைகள் 12 டிகிரிக்கு மேலேதான் வாய் திறக்கும். அந்த இரண்டாவது வாய்தான் விமர்சனம்.

இந்த விலையில் இங்கே காதில் விழும் பெயர்கள் கிங்ஃபிஷர், பிரிட்டிஷ் எம்பயர், ஜிங்காரோ, வோரியன் போன்றவை. அநேகமாக எல்லாமே லாகர், அதாவது குளிரில் மெதுவாக நொதிக்கவிடும் வகை. மால்ட்டோடு, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியோடு, அரிசி, மக்காச்சோளம், சர்க்கரை என்று ஏதாவது சேர்ந்திருக்கும். சேர்த்தாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம், அரிசி சேர்ந்தால் பீர் வாயில் லேசாகவும் விழுங்கியபின் சுத்தமாகவும் இருக்கும். 5 சதவீதத்துக்குள் இருப்பது லைட், அதற்கு மேல் 8 வரை ஸ்ட்ராங். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. ஸ்ட்ராங்கில் இனிப்பும் சாராயச் சூடும் இயல்பு. அங்கே பார்க்க வேண்டியது சூடு தொண்டையில் சமமாக இறங்குகிறதா, நெயில் பாலிஷ் வாசனையோடு குத்துகிறதா என்பது.

குறைகளுக்குப் பெயர் தேடி அலைய வேண்டாம், வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம். மக்காச்சோளம் வேகவைத்த தண்ணீரை ஆறவைத்து முகருங்கள்: வெளிர் மால்ட்டைப் போதுமான நேரம் கொதிக்கவிடாத பீரில் வருவது அது. வெண்ணெய் தடவிய பாப்கார்ன் வாசனை வந்தால் நொதித்தலைச் சீக்கிரம் முடித்துவிட்டார்கள். நறுக்கிய பச்சை ஆப்பிள் என்றால் பீர் முதிரவில்லை. கனிந்த வாழைப்பழமும் நெயில் பாலிஷும் சூட்டில் அவசரமாக நொதித்ததன் அடையாளம், ஸ்ட்ராங்கில் அடிக்கடி வரும். அட்டைப்பெட்டித் துண்டை நனைத்து மூடிவைத்து முகர்ந்தால் பழசின் வாசனை பிடிபடும். நல்ல வாசனைக்கும் பழக வேண்டும். முளைகட்டி வறுத்த கேழ்வரகு மாவை வெந்நீரில் கலக்கி முகருங்கள், மால்ட் என்பது என்ன என்று மூக்கு கற்றுக்கொள்ளும். வேலூர் வீடுகளில் அது புதிதில்லை.

இனி கண்ணை மறைக்கும் வேலை. லேபிளைப் பார்த்துக்கொண்டு கொடுக்கிற மதிப்பெண் லேபிளுக்குத்தான் போகும். தனியாளாகச் செய்ய ஒரு வழி உண்டு. மூன்று எவர்சில்வர் டம்ளர், அடியில் சிறு ஸ்டிக்கர். இரண்டில் ஒரு பீர், ஒன்றில் வேறு பீர், 30 மில்லி வீதம். டம்ளர் என்பதால் நிறம் காட்டிக்கொடுக்காது. கண்ணை மூடித் தட்டில் மாற்றி மாற்றி நகர்த்திவிட்டு, வேறாக இருக்கும் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாக வரும். அதனால் ஒருமுறை சரியாகச் சொன்னதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஐந்து சுற்றில் நான்கு சரியென்றால் அது தற்செயலாக அமைய வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் கீழே. வித்தியாசம் தெரிகிறது என்று எழுதலாம். ஒரே மாலையில் ஐந்து சுற்று வேண்டாம். மூன்று இன்று, இரண்டு நாளை, அதற்குப் புது பிண்ட், அதாவது 325 மில்லி சின்ன பாட்டில். இந்தச் சோதனையில் தேறாத ஜோடிகளுக்கு வெவ்வேறு மதிப்பெண் போடுவதில் நியாயமில்லை. விலையில் முப்பது ரூபாய் வித்தியாசம் உள்ள இரண்டு பீர்கள் இதில் பிரிக்க முடியாமல் நிற்கும்போதுதான் இந்தப் பொழுதுபோக்கின் அருமை புரியும்.

அளவைப் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் பேச வேண்டும். 650 மில்லி ஸ்ட்ராங், 8 சதவீதம் என்றால் உள்ளே 52 மில்லி சுத்த ஆல்கஹால், எடையில் 41 கிராம். 10 கிராமை ஒரு பங்கு என்று வைத்தால் ஒரு பாட்டிலே நான்கு பங்கு. உடல் ஒரு மணி நேரத்தில் கழிப்பது ஏறக்குறைய ஒரு பங்குதான். 60 மில்லி மட்டும் என்றால் 4 கிராம்கூட இல்லை. அதனால் முடிந்தவரை 325 மில்லி பிண்ட் வாங்குங்கள், ஒரு மாலைக்கு இரண்டு பீருக்கு மேல் திறக்காதீர்கள். மீந்ததை மறுநாளுக்கு வைத்தால் வாயு போய்விடும். தொட்டியில் கொட்ட வேண்டியதுதான். காசு கொடுத்து வாங்கியதைக் கொட்டும்போது மனசு வலிக்கும், எனக்கு இன்னும் வலிக்கிறது. ஆனால் கொட்டத் தயங்குகிறவர் விமர்சகராக இருக்க மாட்டார், குடிகாரராக ஆகிவிடுவார். குறிப்பெழுதாத நாளிலும் கை ஃபிரிட்ஜுக்குப் போகிறது என்றால் அன்றே நோட்டை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள், முக்கியமாக மெட்ரோனிடசோல் போன்றவை எழுதிக் கொடுத்திருந்தால், தொடவே வேண்டாம். வண்டிச் சாவியை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான் வரம்பு, முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ வரலாம். வகை போதவில்லை என்று சித்தூரிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ பாட்டில் கொண்டுவரும் யோசனையும் வேண்டாம். அனுமதியின்றிக் கொண்டுவருவது குற்றம், சோதனைச் சாவடியில் வண்டியும் போகும்.

நோட்டில் ஒரு பதிவு எப்படி இருக்க வேண்டும் என்றால், இப்படி: "ஸ்ட்ராங், பிண்ட், பழுப்பு. தயாரிப்பு ஆகி 5 வாரம். ஃபிரிட்ஜில் 1 நாள். நுரை ஒரு விரல், 40 நொடியில் அடங்கியது. முகர்ந்தால் வறுத்த மாவு, பின்னால் வாழைப்பழம். முதல் வாய் இனிப்பு, கசப்பு 5 நொடி. சூடு ஏறியபின் நெயில் பாலிஷ் லேசாக. அட்டை இல்லை." நன்றாக இருந்தது, சுமார் போன்ற சொற்களுக்கு இடம் கொடுக்காதீர்கள். மதிப்பெண் போட ஆசையென்றால் போட்டி நடுவர்கள் பயன்படுத்தும் 50 மதிப்பெண் முறை இருக்கிறது: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் படும் விதத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு எவ்வளவு குறைவு என்று பாருங்கள். ஒரே பீரை வேறு பேட்சில் இன்னொரு முறை சுவைக்காமல் தீர்ப்பு எழுத வேண்டாம்.

எதையும் தொடங்குவதற்கு முன் ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள், கோடையிலேயே. ஒரே பேட்ச் எண்ணுள்ள இரண்டு பிண்ட் லைட் பீர் வாங்குங்கள். இரண்டையும் செய்தித்தாளில் சுற்றுங்கள், வெளிச்சம் கணக்கில் வரக் கூடாது. ஒன்றை ஃபிரிட்ஜில் வையுங்கள். மற்றதைப் பழந்துணியில் சுற்றி ஒரு வாளிக்குள் நிறுத்தி, மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் பரணில் ஏற்றிவிடுங்கள். நான்கு வாரம் கழித்து இரண்டையும் ஒரு நாள் ஒரே தட்டில் குளிரவைத்து, டம்ளர் சோதனைக்கு எடுங்கள். அது முடிந்ததும் கண்ணைத் திறந்து, ஃபிரிட்ஜ் பாட்டிலை முதலிலும் பரண் பாட்டிலை அடுத்தும் கண்ணாடி கிளாஸில் ஊற்றி அருகருகே முகருங்கள். கசப்பு எத்தனை நொடி குறைந்தது, இனிப்பு எங்கே கூடியது, அட்டை வாசனை குளிர்ச்சியிலேயே வருகிறதா, சூடு ஏறியபின் வருகிறதா, இந்த மூன்றையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு எந்தப் புது பாட்டிலைத் திறந்தாலும் முதலில் அந்தப் பக்கத்தோடு ஒப்பிட்டுவிட்டு, அதற்கப்புறம் பிராண்டைப் பற்றி எழுதலாம்.